வாத்துக் காலில் வந்த நத்தை

குளத்திலே நத்தை ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முழ தூரம் நகருவதற்கே அதற்கு வெகு நேரம் ஆகும்.

அப்படிப்பட்ட நத்தை, கடல் கடந்து வேறு நாட்டுக்குப் போனது எப்படி?

இந்தக் கேள்வி ஒரு பெரிய விஞ்ஞானியின் மனதை வாட்டியது. அவர்தான் சார்லஸ் டார்வின்.

கப்பல் பிரயாணம்

டார்வின், இங்கிலாந்தில் உள்ள ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி பிறந்தார். தந்தை ஒரு டாக்டர். மகனும் டாக்டராக வேண்டும் என்று அவர் விரும்பினார். மகனோ ஆபரேஷனைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே ஓடிவந்துவிட்டார்! வண்டு பிடிப்பதில்தான் அவருக்கு ஆசை.

1831-ல், 22-வது வயதில், "பீகிள்" என்ற கப்பலில் புறப்பட்டார். 5 ஆண்டு காலம் உலகைச் சுற்றினார்.

பிரேசில் நாட்டில் ஓர் அதிசயத்தைக் கண்டார். தரையில் வாழும் பிராணிகள், இங்கிலாந்துப் பிராணிகளைப் போல இல்லை. ஆனால் நீர்நிலைகளில் இருந்த பூச்சிகளும், நத்தை, சிப்பிகளும் இங்கிலாந்தில் உள்ளவற்றைப் போலவே இருந்தன!

பெரிய சிக்கல்

ஊர் திரும்பிய டார்வின், லண்டனுக்கு அருகே ஒரு கிராமத்தில் குடியேறினார். அடிக்கடி நோய் வந்து படுத்தார். ஆனாலும் ஆராய்ச்சியை விடவில்லை.

ஒவ்வோர் உயிரினமும் ஓர் இடத்தில் தோன்றி, அங்கிருந்து மற்ற இடங்களுக்குப் பரவியது என்பது அவர் கொள்கை. அது உண்மையானால், குளத்து நத்தை எப்படிப் பரவியது? கடல் நீர் பட்டால் அது செத்துவிடும். அதன் முட்டையும் அழிந்துவிடும். தரையிலும் நெடுந்தூரம் போக முடியாது.

இதற்குப் பதில் சொல்லாவிட்டால் கொள்கையே ஆட்டம் கண்டுவிடும்!

தொட்டியில் வாத்துக் கால்

டார்வின் ஒரு தந்திரம் செய்தார். நத்தைக் குஞ்சுகள் பொரிந்துகொண்டிருந்த கண்ணாடித் தொட்டியில், ஒரு வாத்தின் கால்களைத் தொங்கவிட்டார். குளத்தில் தூங்கும் வாத்தின் கால் எப்படி இருக்குமோ, அப்படி!

கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்த குஞ்சுகள், கால்களில் ஏறி ஒட்டிக்கொண்டன. வெளியே எடுத்து உதறியும் விழவில்லை. ஈரக் காற்றில் 12 மணி முதல் 20 மணி நேரம் வரை உயிரோடு இருந்தன.

அந்த நேரத்தில் ஒரு வாத்து 600, 700 மைல் பறந்துவிடும் என்று டார்வின் கணக்குப் போட்டார். நத்தை நடக்க வேண்டியதில்லை. பறவையே அதற்கு வாகனம்!

1859-ல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலில் இந்தச் சோதனையும் இடம்பெற்றது.

கடைசிக் கட்டுரை

1882-ம் ஆண்டு பிப்ரவரியில், வால்டர் கிரிக் என்ற காலணித் தொழில் செய்பவர் டார்வினுக்கு எழுதினார். அவர் பிடித்த நீர் வண்டின் காலை, நத்தை இனத்துக்கு உறவான ஒரு சிறு சிப்பி கவ்விக்கொண்டிருந்தது. அந்த வண்டு பறக்கக் கூடியது!

வண்டு டார்வினிடம் வந்தபோது உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அது துன்பமின்றிச் சாகட்டும் என்று, நறுக்கிய இலைகள் போட்ட புட்டியில் அதை வைத்தார் டார்வின். அவர் மனம் அத்தனை இளகியது.

இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஏப்ரல் 6-ந்தேதி வெளிவந்தது. 13 நாட்களில், ஏப்ரல் 19-ந்தேதி, டார்வின் காலமானார். அப்போது வயது 73.

வண்டு அனுப்பிய கிரிக்கின் பேரன்தான் பிரான்சிஸ் கிரிக். உயிர்களின் பரம்பரைக் குணங்களைத் தாங்கும் டி.என்.ஏ.யின் அமைப்பை, 1953-ல் வாட்சனுடன் சேர்ந்து கண்டுபிடித்தவர் அவரே!

இன்று நன்னீர் நத்தைகளில் சுமார் 4 ஆயிரம் வகைகள் அறியப்பட்டுள்ளன. சில வகைகள் பல நாடுகளில் உள்ளன. சைபீரியாவின் பைக்கால் ஏரியிலும், ஆப்பிரிக்காவின் டாங்கனீக்கா ஏரியிலும் வேறெங்கும் இல்லாத வகைகள் வாழ்கின்றன.

குளத்திலிருந்து ஒரு வாத்து எழுந்து பறந்தால், அதன் காலையும் சற்றுக் கவனியுங்கள். அங்கே ஒரு பிரயாணி இருக்கலாம்!