ஒரு கப் என்றால் எவ்வளவு? ஃபேனி ஃபார்மரின் கதை



யூடியூப் பார்த்து கேக் செய்கிறீர்கள். ஒரு கப் மைதா போடச் சொல்கிறார்கள். எந்தக் கப்? காபி குடிக்கிற கப்பா, அரிசி அளக்கிற டம்ளரா? இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டப் பாடுபட்ட ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபேனி ஃபார்மர் 1857-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். 16 வயதில் பக்கவாதம் தாக்கியது. பல வருடம் நடக்க முடியவில்லை. கல்லூரிக் கனவும் கலைந்தது. வீட்டிலேயே இருந்தவர் சமையலில் இறங்கினார். பிறகு நடக்கத் தொடங்கினாலும், காலைச் சாய்த்துத்தான் நடக்க முடிந்தது.

சுமார் 30 வயதில் பாஸ்டன் சமையல் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். 1889-இல் படிப்பை முடித்து, அங்கேயே ஆசிரியையாகி, பின்னர் முதல்வரும் ஆனார்.

அந்தக் காலத்துச் சமையல் குறிப்புகளில் முட்டை அளவு வெண்ணெய், ஒரு கை மாவு என்றெல்லாம் இருக்கும். பழகிய கைக்கு அது போதும். புதிதாகச் சமைப்பவர் என்ன செய்வார்? ஃபேனி ஒரே அளவுள்ள கப், ஸ்பூன் வைத்து அளக்கச் சொன்னார். மாவைச் சலித்து, ஸ்பூனால் அள்ளிக் கப்பில் போட வேண்டும். குலுக்கவோ அமுக்கவோ கூடாது. மேலே குவிந்திருப்பதைக் கத்தியால் வழித்துச் சமப்படுத்த வேண்டும்.

1896-இல் அவருடைய சமையல் புத்தகம் வந்தது. பதிப்பாளருக்கு நம்பிக்கை இல்லை. 3,000 பிரதிகளை ஃபேனியின் செலவிலேயே அச்சிட்டார்கள். புத்தகமோ லட்சக்கணக்கில் விற்றது!

அதில் கப்பை எடையாக மாற்றும் பட்டியலும் உண்டு. 1 பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் வர, மாவு என்றால் 4 கப், சர்க்கரை என்றால் 2 கப், அமுக்கி வைத்த வெண்ணெய் என்றால் 2 கப். கப் ஒன்றுதான். ஆனால் அதில் மாவு சுமார் 113 கிராம், சர்க்கரை அதைப்போல இரண்டு மடங்கு. மாவுத் துகள்களுக்கு இடையே காற்று இருப்பதுதான் காரணம். அதே மாவை அமுக்கி அளந்தால் 20, 30 கிராம் கூடிவிடும், கேக் கல்லாகிவிடும்.

1902-இல் சொந்தப் பள்ளி தொடங்கிய ஃபேனி, 1904-இல் நோயாளிகளுக்கான உணவு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலும் இதைப் பற்றி விரிவுரை ஆற்றினார். ருசிக்காக மட்டுமல்ல, உடம்புக்காகவும் அளவு முக்கியம் என்பது படுத்துக் கிடந்து எழுந்த அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பாடம் நடத்தினார். 1915 ஜனவரியில் மறைந்தார். அதற்குச் சில நாட்கள் முன்புவரை வகுப்பை விடவில்லை.

உங்கள் வீட்டுக் கப்பையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். காலிக் கப்பைச் சமையலறைத் தராசில் வைத்து, முள்ளையோ எண்ணையோ பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை மில்லி உங்கள் கப். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி. கடையில் கிடைக்கும் பல அளவுக் கப்புகள் 250 மில்லி. குறிப்பில் கிராம் கொடுத்திருந்தால் கப்பை விட்டுவிட்டுத் தராசையே நம்புங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், சாதத்தையும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். ஒரு கரண்டி எவ்வளவு என்று அப்போது தெரியும்.