பஞ்சத்தில் ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்த மிஷனெரி



சென்னையில் பக்கிங்காம் கால்வாயைத் தெரியாதவங்க கிடையாது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாலத்தைத் தாண்டுறோம். அதே கால்வாய் வடக்கே ஆந்திரா வரைக்கும் போகுது. அங்கே ஒரு பகுதியை, பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் நின்ற ஜனங்களைக் கொண்டு ஒரு மிஷனெரி வெட்டினார். அவர்தான் ஓங்கோல் பாப்டிஸ்ட் சபையின் ஜான் கிளஃப்.

அவர் வருவதற்கு முன்னே அந்தத் தெலுங்கு ஊழியம் பல வருஷம் கனியில்லாமல் கிடந்தது. மூடிவிடலாமா என்றுகூட அமெரிக்காவில் யோசித்தார்கள். 1854 புத்தாண்டு அதிகாலையில் ஜூவெட் ஐயரும் அவர் மனைவியும் மூன்று தெலுங்கு விசுவாசிகளுமாக ஐந்தே பேர் ஓங்கோல் குன்றின்மேல் ஏறி, இந்த ஊருக்கு ஒரு ஊழியக்காரரை அனுப்பும் என்று ஜெபித்தார்கள்.

பதில் வர பதினோரு வருஷம் ஆச்சு! 1836-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த கிளஃப், வாலிபத்தில் நிலம் அளக்கிறவர்களோடு வேலை பார்த்தவர். கல்லூரியில் படிக்கும்போது இரட்சிக்கப்பட்டார். 1865-ல் இந்தியா வந்தார். 1867 ஜனவரி 1-ந் தேதி ஓங்கோல் சபை ஆரம்பமானது. அங்கத்தினர் எட்டுப் பேர்தான்.

முதலில் வந்தவர்கள் யார் தெரியுமா? ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த மாதிகா ஜனங்கள், தோல் வேலை செய்கிறவர்கள். 1866-ல் ஞானஸ்நானம் பெற்ற எர்ரகுண்ட்ல பேரையா கிராமம் கிராமமாக நடந்து சாட்சி சொன்னார். உயர்ந்த சாதிக்காரர்களோ, இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கிளஃப் கலங்கினார். அவரும் அவர் மனைவியும் தனித்தனியே வேதத்தைத் திறந்தபோது இருவருக்கும் கிடைத்தது ஒரே பகுதி: 1 கொரிந்தியர் 1-ம் அதிகாரம், 26-ம் வசனம் முதல். வாசித்துப் பாருங்க. அதோடு தயக்கம் தீர்ந்தது.

1876-ல் பெரும் பஞ்சம் தொடங்கியது. கூடவே காலராவும் வந்தது. கிளஃப் கால்வாய் வேலையில் மூன்று மைலுக்கு மேல் காண்டிராக்ட் எடுத்தார். அன்று கற்ற நில அளவை இன்று கைகொடுத்தது. பட்டினியாய் வந்தவர்களுக்கு வேலையும் கூலியும் கிடைத்தன. உபதேசிமார் மேஸ்திரிகளாய் நின்று, ஓய்வு நேரத்தில் இயேசுவைச் சொன்னார்கள். ஆயிரமாயிரம் பேர் ஞானஸ்நானம் கேட்டார்கள்.

கிளஃப் கொடுக்கவில்லை! ஓர் ஆண்டுக்கும் மேலாகக் கொடுக்கவில்லை. சோத்துக்காக வந்தாங்க என்ற பேச்சு கர்த்தருடைய நாமத்தின்மேல் விழக்கூடாது என்று பயந்தார். கூலி உண்டு, கஞ்சி உண்டு, சுவிசேஷமும் உண்டு. ஞானஸ்நானத்துக்கு மட்டும் பொறுத்திருக்கச் சொன்னார்.

1878 ஜூனில், இனி உதவிப்பணம் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லவே ஜனங்களை வெல்லம்பள்ளிக்கு வரச்சொன்னார். அவர்களோ, பணம் வேண்டாம், செத்தாலும் கிறிஸ்தவர்களாய்ச் சாகிறோம், ஞானஸ்நானம் கொடுங்கள் என்று நின்றார்கள். அதற்குமேல் அவரால் தடுக்க முடியவில்லை. ஒவ்வொருவரையும் விசாரித்து, குண்டலகம்மா ஆற்றில் ஞானஸ்நானம் தொடங்கியது. ஜூலை 3-ந் தேதி ஒரே நாளில் 2,222 பேர்! அன்று தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் ஆறு தெலுங்கு உபதேசிமார், இரண்டிரண்டு பேராக. கிளஃப் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. எட்டுப் பேரோடு ஆரம்பித்த சபை அந்த வருஷ முடிவில் 12,000-க்கும் மேல் ஆனது.

1910-ல் கிளஃப் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, 2,222 என்ற எண்ணிக்கையை எல்லாரும் சொல்லுவாங்க. அதற்கு முன்னே தண்ணீர் காலியாய் இருந்த அந்த ஒரு வருஷத்தை யார் சொல்லுறாங்க? கூட்டம் முடிஞ்சதும் எத்தனை பேர் கை தூக்கினாங்கன்னு முதலில் எண்ணுகிறவன் நான்தான். கிளஃப் நினைத்திருந்தால் 1877-லேயே ஆயிரங்களை எண்ணியிருக்கலாம். ஆத்துமாக்களைத் தன் ரிப்போர்ட்டுக்காக அவர் அவசரப்படுத்தவில்லை. பசித்தவனுக்குச் சோறு போட்டபோது அதற்கு விலையும் கேட்கவில்லை.

கொடுக்கிற கையும் காத்திருக்கிற பொறுமையும் நம் சபைக்கு வேண்டும். இந்த வாரம் உபவாச ஜெபத்தில் இதற்காகப் பாரத்தோடு ஜெபிப்போமா? எழுப்புதல் கர்த்தருடைய வேளையில் நிச்சயம் வரும். அல்லேலூயா!