ஃபெராரி காரில் துள்ளும் குதிரை யாருடையது? போரில் இறந்த விமானியின் கதை!

ஃபெராரி கார்னு சொன்னதும் சிவப்பு நிறத்துக்கு அடுத்து நினைவுக்கு வருவது, மஞ்சள் பின்னணியில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கறுப்புக் குதிரைதான். வேகத்தைக் காட்ட கம்பெனி வரைந்த லோகோ என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், ஃபெராரி கம்பெனி பிறப்பதற்கு முன்பே அந்தக் குதிரை வானத்தில் பறந்தது. முதல் உலகப்போரில், இத்தாலிய விமானி பிரான்செஸ்கோ பராக்காவின் போர் விமானத்தில்!

யார் இந்த பராக்கா?

1888 மே 9 அன்று, வடக்கு இத்தாலியின் லூகோ நகரில், வசதியான நிலக்கிழார் வீட்டில் பிறந்தவர் பராக்கா. வீட்டுக்கு ஒரே பிள்ளை. மொடேனா ராணுவ அகாடமியில் படித்து, குதிரைப்படை அதிகாரியானார். விமானம் என்பதே புதுசாக இருந்த காலம் அது. 1912-ல் பிரான்சின் ரீம்ஸ் நகருக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

1915-ல் இத்தாலி போரில் குதித்தது. மறுவருடம் ஏப்ரல் 7-ம் தேதி, ஆஸ்திரியா-ஹங்கேரி விமானம் ஒன்றை பராக்கா வீழ்த்தினார். வானில் நடந்த சண்டையில் இத்தாலிக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான்.

விமானத்தில் எதுக்கு குதிரை?

1917-ல் 91-வது ஸ்குவாட்ரன் உருவானது. அதன் தலைமைப் பொறுப்பு பராக்காவிடம் வந்தது. திறமையான விமானிகள் பலர் அதில் இருந்ததால், 'ஏஸ்களின் ஸ்குவாட்ரன்' என்றே பெயர் வாங்கியது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியவரைத்தான் 'ஏஸ்' என்பார்கள்.

விமானிகள் தங்கள் விமானத்தில் சொந்தச் சின்னம் வரைந்துகொள்வது அப்போது வழக்கம். பராக்கா தேர்ந்தெடுத்தது, தன் பழைய குதிரைப்படையை நினைவூட்டும் துள்ளும் குதிரை.

திரும்பி வராத விமானம்

1918 ஜூன் 19. பியாவே நதிக்கரையில் கடும் சண்டை. மொந்தெல்லோ குன்றுப் பகுதியில் தாழ்வாகப் பறந்து எதிரிப் படைகளைச் சுடப் போன பராக்கா திரும்பவே இல்லை. சில நாட்கள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. வயது 30. அதுவரை அவர் வீழ்த்தியவை 34 விமானங்கள். அந்தப் போரில் எந்த இத்தாலிய விமானியும் இந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. தரையிலிருந்து வந்த குண்டா, எதிரி விமானமா? அவரை வீழ்த்தியது எது என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

அம்மா கொடுத்த சின்னம்

1923-ல் ரவென்னா அருகே நடந்த கார் பந்தயத்தில் ஜெயித்தார் இளம் ஓட்டுநர் என்சோ ஃபெராரி. அங்கே பராக்காவின் அப்பாவைச் சந்தித்தார். பிறகு அம்மா பாவ்லீனாவின் அறிமுகமும் கிடைத்தது. மகனின் குதிரையை காரில் போட்டுக்கொள், அதிர்ஷ்டம் வரும் என்று அந்த அம்மா சொன்னாராம். இதைப் பின்னாளில் சொன்னவர் ஃபெராரியேதான்.

யோசித்துப் பார்த்தால், மகனின் உயிரை அந்தக் குதிரை காப்பாற்றவில்லை. ஆனாலும், ஒரே பிள்ளையை இழந்த அந்த வீட்டில் அவன் பெயர் சொல்ல மிச்சமிருந்த அடையாளங்களில் ஒன்று அது.

1932-ல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில்தான் ஃபெராரி அணியின் கார்களில் குதிரை முதலில் ஏறியது. பின்னணிக்கு, தன் ஊரான மொடேனாவின் மஞ்சளைச் சேர்த்தார் ஃபெராரி. பராக்கா ராணுவம் பயின்றதும் அதே ஊர்தான்!

இத்தாலிய விமானப்படையின் 4-வது விங் இன்றும் இதே குதிரையைத்தான் சின்னமாக வைத்திருக்கிறது. லூகோவில் பராக்காவின் வீடு இப்போது மியூசியம். அவர் ஓட்டிய ஸ்பாட் விமானம் ஒன்று அங்கே இருக்கிறது. அடுத்த முறை ஃபெராரி கார் கடந்து போனால், அந்தக் குதிரையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு தாய் தன் மகனின் நினைவாகக் கொடுத்தது அது.