பட்டம் வாங்காத மருந்துக்கடைப் பையன்



நம்ம பிளம்பிங் லேபில் குழாய் ஒட்டவும், எலக்ட்ரிக்கல் லேபில் காயிலை அசையாமல் உட்கார வைக்கவும், விடுதியில் உடைந்த வாளியைச் சரிபண்ணவும் நாம் தேடுவது ஒன்றே ஒன்றுதான். இரண்டு ட்யூப். ஒன்றில் பிசின், இன்னொன்றில் ஹார்டனர். இரண்டையும் சம அளவு பிதுக்கிக் குழைத்துத் தடவினால் காலையில் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். அதன் பெயர் எபாக்சி என்று எல்லோருக்கும் தெரியும். அந்த எபாக்சி என்ற சொல்லுக்குள் இருக்கிற ஒரு சின்ன முக்கோணத்தைப் பற்றியும், அந்த முக்கோணத்துக்குத் தேவையான சரக்குகளை இருநூறு வருஷத்துக்கு முன்பே அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுப் போன ஒரு மனிதரைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. கல்லூரிப் படியே மிதிக்காதவர். டிகிரி கிடையாது. மருந்துக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்த பையன். டிப்ளமோதானே என்று நம்மை ஏளனமாகப் பார்ப்பவர்கள் முன் நாம் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய பெயர் இது.

பிறப்பும் பிழைப்பும்

1742-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஸ்ட்ரால்சுண்ட் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். இன்று அது ஜெர்மனியில் இருக்கிறது. அன்று ஸ்வீடன் நாட்டு ஆட்சியின் கீழ் இருந்தது. அப்பா வியாபாரி. ஆனால் வியாபாரம் நொடித்துப்போனது. வீட்டிலோ பதினொரு பிள்ளைகள். இந்த நிலைமையில் மேல்படிப்பு எங்கே? பதினான்கு வயதில் கோத்தன்பர்க் நகரில் பாவ்ச் என்பவரின் மருந்துக்கடையில் அப்ரெண்டிஸாகச் சேர்த்து விட்டார்கள்.

அன்றைய மருந்துக்கடை என்பது இன்றைய மெடிக்கல் ஷாப் மாதிரி அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுக்கிற இடம் இல்லை. அரைப்பது, காய்ச்சுவது, வடிப்பது, படிகமாக்குவது என்று எல்லாம் அங்கேயே நடக்கும். பகலில் வேலை, இரவில் முதலாளி வைத்திருந்த வேதியியல் புத்தகங்கள். படித்ததை எல்லாம் தானே செய்து பார்த்தார். நாம் ஒரு செமஸ்டருக்குப் பத்து எக்ஸ்பெரிமெண்ட் முடிப்பதற்குள் அலுத்துக்கொள்கிறோம். அவர் எட்டு வருஷம் அந்தக் கடையிலேயே கையைப் பழக்கினார். பிறகு 1765-இல் மால்மோ, 1768-இல் ஸ்டாக்ஹோம், 1770-இல் உப்சாலா. ஊர் மாறியது, கடை மாறியது, வேலை மட்டும் அதேதான்.

பேராசிரியர் தோற்ற இடம்

உப்சாலாவில் பெரிய பல்கலைக்கழகம். அங்கே டோர்பெர்ன் பெர்க்மன் என்ற புகழ்பெற்ற வேதியியல் பேராசிரியர். ஷீலே வேலை பார்த்த கடையில்தான் அவருக்கு வெடியுப்பு வாங்குவார்கள். அதைச் சூடுபண்ணிவிட்டு அமிலம் ஊற்றினால் செந்நிறப் புகை வருகிறது, சரக்கு மோசம் என்று புகார் கிளம்பியது. உண்மையில் சரக்கில் கோளாறு இல்லை. வெடியுப்பைச் சூடாக்கும்போது அது ஒரு வாயுவை இழந்து வேறு உப்பாக மாறிவிடுகிறது. அந்தப் புது உப்புதான் காடி அளவுக்கு லேசான அமிலத்திலேயே புகைகிறது. இன்றைய பாஷையில் சொன்னால் நைட்ரேட் நைட்ரைட்டாகிறது. பேராசிரியருக்குப் பிடிபடாத இந்த விஷயத்தை விளக்கியது கடைப்பையன் ஷீலே!

பெர்க்மன் பெரிய மனசுக்காரர். கோபப்படவில்லை. நண்பராகவே ஆகிவிட்டார். கறுப்பாக இருக்கும் மாங்கனீசுத் தாதுவை ஆராய்ந்து பார்க்கும்படி ஷீலேயைத் தூண்டியவரும் அவர்தான்.

அந்த ஒரு கறுப்புக் கல்லில் சுமார் மூன்று வருஷம் உழைத்தார் ஷீலே. 1774-இல் கட்டுரை வந்தது. அதில் புது உலோகம் ஒளிந்திருக்கிறது என்று காட்டினார். அதே வருஷம் அவர் நண்பர் கான் மாங்கனீசு உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அந்தக் கல்லோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தபோது மூச்சை அடைக்கும் மஞ்சள் கலந்த பச்சை வாயு ஒன்று வந்தது. பூவையும் இலையையும் வெளுக்க வைத்தது. அதுதான் குளோரின். அது ஒரு தனிமம் என்று 1810-இல் டேவி சொல்லிப் பெயர் வைத்தார். ஆனால் முதலில் பிடித்தவர் ஷீலே.

தவறிப்போன பெருமை

ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் யார் என்று வைவாவில் கேட்டால் பிரீஸ்ட்லி என்போம். பிரீஸ்ட்லி அதைத் தயாரித்தது 1774 ஆகஸ்ட் 1. ஷீலே அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே பாதரச ஆக்சைடு, வெடியுப்பு, மாங்கனீசுத் தாது எனப் பல வழிகளில் அதே வாயுவைத் தயாரித்து விலங்கின் நீர்ப்பையில் பிடித்து வைத்திருந்தார். மெழுகுவர்த்தி அதில் பிரகாசமாக எரிவதையும் பார்த்துவிட்டார். 1774 செப்டம்பர் 30-இல் பாரீஸிலிருந்த லவாய்சியருக்கு ஒரு கடிதமும் எழுதினார். பதில் வரவில்லை.

காற்றும் நெருப்பும் பற்றிய அவருடைய புத்தகம் அச்சாகி வெளிவந்தது 1777-இல். பெர்க்மனின் முன்னுரைக்காகவும் அச்சகத்துக்காகவும் காத்திருந்ததில் காலம் ஓடிவிட்டது. அதற்குள் பிரீஸ்ட்லியின் கட்டுரை உலகமெல்லாம் போய்விட்டது. செய்து முடித்தால் மட்டும் போதாது, எழுதி நேரத்துக்குக் கொடுக்கவும் வேண்டும். ரெக்கார்டு நோட்டைக் கடைசி நாள் வரை இழுத்தடிக்கிற நண்பர்களே, கவனியுங்கள்!

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எரியும் பொருளிலிருந்து ஃப்ளாஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்ற பழைய கொள்கையை அவர் கடைசிவரை விடவில்லை. கை கண்டதைக் கண் சரியாகப் பார்த்தது. விளக்கம் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. புது விளக்கம் கொடுத்தவர் லவாய்சியர்.

சின்ன ஊர், பெரிய வேலை

1775 பிப்ரவரியில் ஸ்வீடன் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவர் மருந்தாளுநர் தேர்வுகூட எழுதவில்லை! அதே வருஷம் ஷோப்பிங் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே மருந்துக்கடைக்காரர் இறந்துபோய், அவருடைய இளம் விதவை கடையை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். கடையை வேறொருவர் வாங்க வந்தபோது ஊர்க்காரர்களே ஷீலேதான் வேண்டும் என்று நின்றார்கள். 1777-இல் ஸ்டாக்ஹோம் போய்த் தேர்வு எழுதிப் பாஸானார். கழகக் கூட்டத்தில் ஒரே ஒரு முறை உட்கார்ந்தார். ஊருக்குத் திரும்பினார். பெர்லினிலிருந்து வந்த அழைப்பைக்கூட ஏற்கவில்லை.

அந்தச் சின்னக் கடையில் நடந்ததைப் பாருங்கள். 1778-இல் பென்சில் கரி மாதிரியே இருக்கும் ஒரு கனிமத்தை எடுத்தார். பார்வைக்கும் தொடுவதற்கும் இரண்டும் ஒன்றுதான். நைட்ரிக் அமிலத்தில் போட்டார். கரி அப்படியே கிடந்தது. மற்றது வெள்ளைப் பொடியாகியது. அதுதான் மாலிப்டிக் அமிலம். உலோகமாக்கும் அளவுக்கு உலை அவரிடம் இல்லை. ஆகவே ஹெல்ம் என்ற நண்பரிடம் கொடுத்தார். 1781-இல் மாலிப்டினம் உலோகம் வந்தது. அதே 1781-இல், கனமான ஒரு வெள்ளைக் கல்லிலிருந்து டங்ஸ்டிக் அமிலத்தை எடுத்தார். இரண்டு வருஷம் கழித்து ஸ்பெயினில் எல்ஹூயார் சகோதரர்கள் டங்ஸ்டன் உலோகத்தைப் பிரித்தார்கள். அந்தக் கல்லுக்கு இன்று ஷீலைட் என்று பெயர். எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம், பாலிலிருந்து லாக்டிக் அமிலம், ஆலிவ் எண்ணெயிலிருந்து கிளிசரின்... பட்டியல் போட்டால் பக்கம் போதாது. அதற்கும் முன்னால், இளைஞராக இருந்தபோதே, டார்டாரிக் அமிலத்தைப் பிரித்திருந்தார். அது 1770-இல் நண்பர் ரெட்சியஸின் கட்டுரை வழியாகத்தான் அச்சேறியது.

இப்போது அந்த முக்கோணம்

சரி, எபாக்சிக்கு வருவோம். இரண்டு கார்பனுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது ஒலிஃபீன். அந்த இரட்டைப் பிணைப்பின் தலையில் ஓர் ஆக்சிஜன் அணுவை உட்கார வைத்தால் மூன்று அணு கொண்ட முக்கோண வளையம் கிடைக்கும். அதுதான் ஈபாக்சைடு. கார்பன் சாதாரணமாக 109.5 டிகிரி கோணத்தில் சௌகரியமாக இருக்கும். இங்கே அதை 60 டிகிரிக்கு வளைத்து வைத்திருக்கிறோம். இழுத்துக்கட்டிய ஸ்பிரிங் மாதிரி. எப்போது விடுபடலாம் என்று காத்திருக்கும். ஹார்டனர் வந்து தொட்டதும் வளையம் திறக்கிறது, சங்கிலி பின்னுகிறது, பிசின் இறுகுகிறது.

வளையத்தைத் திறப்பது சுலபம், கட்டுவதுதான் கஷ்டம். புரோப்பிலீனிலிருந்து புரோப்பிலீன் ஆக்சைடு செய்ய பழைய வழி குளோரின் வழி. குளோரினும் தண்ணீரும் சேர்த்து, பிறகு சுண்ணாம்பு போட்டு வளையத்தை மூடுவார்கள். சமன்பாட்டை எழுதிக் கணக்குப் போடுங்கள். ஒரு டன் சரக்குக்குச் சுமார் 1.9 டன் கால்சியம் குளோரைடு கழிவு! அது உப்புத்தண்ணீராக வெளியே போக வேண்டும்.

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஒரு புது வழி தொழிற்சாலைக்கு வந்தது. குளோரின் வேண்டாம், ஹைட்ரோபெராக்சைடு என்ற சேர்மத்திலிருந்து ஓர் ஆக்சிஜனை மட்டும் எடுத்து ஒலிஃபீனுக்குக் கொடு. கை மாற்றிக் கொடுக்கிற தரகர் யார்? மாலிப்டினம்! இடைநிலை உலோகமான இது தன் உச்ச நிலையான +6-இல், ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் கைகோத்த ஆக்சோ அணைவுச் சேர்மமாக நிற்கிறது. பெராக்சைடைத் தன்மேல் ஒட்ட வைத்து, அதன் ஓர் ஆக்சிஜனை எலக்ட்ரான் பசி உள்ளதாக ஆக்குகிறது. ஒலிஃபீனின் இரட்டைப் பிணைப்பில் எலக்ட்ரான் நிறைய. உடனே கொத்திக்கொள்கிறது. தரகர் பழைய நிலைக்கே திரும்பி அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுகிறார். இரும்பையோ கோபால்ட்டையோ போட்டால் என்ன என்று கேட்கலாம். அவை பெராக்சைடைக் கண்டபடி உடைத்துத் தனியுறுப்புகளாகச் சிதறடித்துவிடும். ஆக்சிஜன் வீணாகும்.

டங்ஸ்டனும் இதே வேலையைச் செய்யும். அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடே போதும், மிஞ்சுவது வெறும் தண்ணீர். 1959-லேயே பேயன், வில்லியம்ஸ் இருவரும் இதைக் காட்டினார்கள். மாங்கனீசு இன்னும் சுவாரசியம். 1990-இல் அமெரிக்காவில் ஜேக்கப்சனும் ஜப்பானில் கட்சுகியும் சாலன் என்ற கரிமக் கூட்டுக்குள் மாங்கனீசை உட்கார வைத்தார்கள். அங்கே மாங்கனீசு ஓர் ஆக்சிஜனைத் தானே பிடித்து, மாங்கனீசு-ஆக்சோவாகி, அந்த ஆக்சிஜனையே ஒலிஃபீனுக்குத் தூக்கிக் கொடுக்கிறது. வலக்கை, இடக்கை மாதிரி இரு வடிவங்களில் பெரும்பாலும் ஒன்றை மட்டும் தருகிறது. மருந்து தயாரிப்புக்கு இது உயிர்நாடி. ஆக்சிஜன் தரும் பொருளாக வீட்டில் துணி வெளுக்கிற பிளீச்சே போதும். 1980-இல் ஷார்ப்லெஸ்ஸும் கட்சுகியும் டைட்டானியத்தோடு சேர்த்து இதே வலக்கை-இடக்கை வித்தையைச் செய்தபோது, கை எது என்று தீர்மானித்தது டார்டாரிக் அமிலத்தின் எஸ்டர். ஷார்ப்லெஸ்ஸுக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது எண்ணுங்கள். மாலிப்டினம், டங்ஸ்டன், மாங்கனீசு, டார்டாரிக் அமிலம், ஆக்சிஜன். பழைய வழியின் குளோரின். எபாக்சி பிசினுக்குத் தேவையான எபிகுளோரோஹைட்ரினை இந்த நூற்றாண்டில் சில ஆலைகள் கிளிசரினிலிருந்து செய்கின்றன. அந்தக் கிளிசரினும் அவர் எடுத்தது. டைட்டானியம் ஒன்றைத் தவிர எல்லாமே ஷீலேயின் அலமாரி! இதெல்லாம் எதற்கு உதவும் என்று அவருக்குத் தெரியாது. ஈபாக்சைடு என்ற ஒன்றே 1859-இல் வுர்ட்ஸ் கண்டபிறகுதான் உலகத்துக்குத் தெரியும். எதற்கு என்று தெரியாமலேயே சுத்தமாகப் பிரித்து, சரியாகக் குறித்து வைத்தார். அவ்வளவுதான்.

கடைசிப் பாடம்

அவர் சரக்கை முகர்ந்து பார்ப்பார், நாக்கில் வைத்தும் பார்ப்பார். அந்தக் காலத்து வழக்கம் அது. கொடிய விஷமான ஹைட்ரோசயனிக் அமிலத்தை முதலில் தயாரித்தவர் அவர். அதன் மணத்தையும் சுவையையும்கூட எழுதி வைத்திருக்கிறார். ஆர்சனிக், பாதரசம், ஈயம் எல்லாம் தினசரிப் புழக்கம். புகை போக வழியில்லாத குளிர் அறை. மூட்டுவலியும் தோல்நோயும் பிடித்தன. 1786 மே மாதம், படுக்கையில் கிடந்தபடியே அந்தக் கடைக்கார விதவையை மணந்துகொண்டார். கடை மறுபடி அவர் பேருக்கே போய்ச் சேரும் என்பதற்காக. ஓரிரு நாளில், மே 21-இல் கண்ணை மூடினார். வயது நாற்பத்து மூன்றுதான்.

எந்த விஷம் அவரைக் கொன்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறையும் அந்தப் பழக்கமும் அவர் ஆயுளைக் கூட்டியிருக்காது என்பது நமக்கே புரியும். இன்று ஈபாக்சைடு கையாளும் ஆலைகளில் நாளை வேலைக்குப் போகப்போவது நாம்தான். ஹார்டனரோடு அவ்வளவு சுலபமாகப் பின்னிக்கொள்ளும் அந்த முக்கோணம், நம் உடம்பிலுள்ள மூலக்கூறுகளையும் விடாது. புரோப்பிலீன் ஆக்சைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருதப்படும் பொருள். ஆகவே கையுறை அசிங்கம் என்றும், கண்ணாடி போட்டால் சீன் போடுகிறான் என்றும் கிண்டல் பண்ணாதீர்கள். சூப்பர்வைசர் பார்க்காதபோதும் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஷீலேக்குப் பட்டம் இல்லை, பணம் இல்லை, உலைகூட ஒழுங்காக இல்லை. இருந்ததெல்லாம் பழகிய கையும், பார்த்ததை அப்படியே குறிக்கும் நேர்மையும். அவை இரண்டும் நமக்கும் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கின்றன. அவருக்குக் கிடைக்காமல்போன ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற அறிவு. கையையும் பழக்குவோம், உயிரையும் காப்போம்.

அடுத்த முறை இரண்டு ட்யூபைப் பிதுக்கும்போது அந்த மருந்துக்கடைப் பையனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்!