குதிரையேறி வந்த மருத்துவச்சி

மகப்பேற்றைப் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த மறுபிறவிக்குத் துணை நிற்பவளுக்கு நம் மொழி இட்ட பெயர் மருத்துவச்சி. மருத்துவம் என்னும் சொல்லே அவள் பெயருக்குள் இருப்பதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. பெயரில் இருந்த பெருமை நடப்பில் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. அத்தொழிலுக்கு உரிய மதிப்பை அமெரிக்க நாட்டின் மலைக்காடுகளுக்கு நடுவே தேடித் தந்த மேரி பிரெக்கின்ரிட்ஜ் அம்மையாரின் வரலாற்றை இங்கு எழுத விரும்புகிறேன்.

1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் அவர் பிறந்தார். குடும்பம் சாதாரணமானதன்று. பாட்டனார் ஜான் பிரெக்கின்ரிட்ஜ் அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர். பின்னர் உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் பக்கம் நின்று படை நடத்தியவர். தந்தையார் ஆர்க்கன்சா மாநிலத்திலிருந்து காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ரஷ்யாவில் அமெரிக்கத் தூதராகவும் பணியாற்றினார். அங்கு இருந்தபோது மேரிக்கு ஒரு தம்பி பிறந்தான். பேறு பார்த்தவர் ரஷ்ய மருத்துவச்சி ஒருவர். பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமியின் மனத்தில் அது பதிந்து நின்றது.

சுவிட்சர்லாந்தில் படித்தார், அமெரிக்காவில் படித்தார். ஆனால் உயர்குடிப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் படிப்பின் முடிவு திருமணந்தான். 1904-இல் மணம் நடந்தது; 1906-இல் கணவர் மறைந்தார். இருபத்தைந்து வயதில் கைம்பெண் ஆன மேரி, நியூயார்க் நகரத்துச் செயின்ட் லூக் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்குச் சேர்ந்து 1910-இல் தேறினார். 1912-இல் மறுமணம் செய்துகொண்டார். கணவர் ஒரு மகளிர் கல்லூரியின் தலைவர். 1914-இல் மகன் பிறந்தான். பெயர் கிளிஃப்டன், செல்லமாக பிரெக்கி. 1916-இல் குறைமாதத்தில் பிறந்த மகள் சில மணி நேரமே உயிரோடு இருந்தாள். 1918 ஜனவரியில் பிரெக்கியும், நான்கு வயது நிரம்பிய சில நாட்களில், நோயுற்று இறந்தான்.

இதற்குப்பின் அந்த இல்லறமும் நிலைக்கவில்லை. மணவிலக்குப் பெற்றுத் தம் பிறந்த வீட்டுப் பெயரையே மீண்டும் சூடிக்கொண்டார். துன்பத்தில் தோய்ந்து கிடக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது, வசதியும் இருந்தது. தாம் இழந்த குழந்தைகளின் நினைவாகப் பிறர் குழந்தைகளுக்கு உழைப்பது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

முதல் உலகப்போர் முடிந்ததும் பிரான்சு நாட்டில் அழிந்துபோன கிராமங்களுக்குச் சென்றார். 1919 முதல் 1921 வரை அங்கு இருந்து, பாலின்றி வாடிய குழந்தைகளுக்காக ஆடுகளை வரவழைத்தார். கர்ப்பிணிகளையும் சிறுவர்களையும் வீடு தேடிச்சென்று கவனிக்கும் செவிலியர் பணியை அமைத்தார். அங்கேதான் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த செவிலியரைக் கண்டார். அவர்கள் செவிலியராகவும் இருந்தார்கள், முறையாகப் பயின்ற மருத்துவச்சிகளாகவும் இருந்தார்கள். இங்கிலாந்தில் 1902-ஆம் ஆண்டிலேயே மருத்துவச்சிகளுக்கெனச் சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவிலோ நகரத்துச் செல்வர்க்கு மருத்துவர், நாட்டுப்புறத்து ஏழைக்குப் பயிற்சியற்ற கிழவி என்பதே நிலை. இரண்டு பயிற்சியும் ஒருங்கே பெற்ற பெண் ஒருத்தி ஊருக்கு ஊர் இருந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அவருக்குப் பிரான்சில் உதித்தது.

எண்ணம் உதித்ததும் அவர் உடனே பணம் திரட்டப் புறப்படவில்லை; முதலில் நிலைமையை நேரில் பார்க்கப் புறப்பட்டார். 1923-ஆம் ஆண்டுக் கோடையில் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில், லெஸ்லி, நாட், ஓஸ்லி என்னும் மூன்று மாவட்டங்களைக் குதிரைமேலும் கோவேறு கழுதைமேலும் சுற்றினார். கடந்த தொலைவு சுமார் 650 மைல். சாலை இல்லை, ஓடைப்படுகையே பாதை. 53 நாட்டு மருத்துவச்சிகளைத் தேடிக் கண்டு பேசினார். பலர் முதியவர், எழுத்தறியாதவரும் உண்டு. ஏறத்தாழப் பதினாயிரம் மக்கள் வாழ்ந்த லெஸ்லி மாவட்டத்தில் உரிமம் பெற்ற மருத்துவர் ஒருவர்கூட அப்போது இல்லை.

பிறகு கடல் கடந்து லண்டன் சென்று, நாற்பது வயதைக் கடந்தபின் மீண்டும் மாணவியானார். வுல்விச் பகுதியிலிருந்த தாய்சேய் மருத்துவமனையில் பயின்று மருத்துவச்சிச் சான்றிதழ் பெற்றார். பெரிய இடத்துப் பேத்தி, இளம்பெண்களோடு அமர்ந்து குழந்தையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டதை நினைத்தால் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடுகிறது. 1924-இல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்கும் தீவுகளுக்கும் சென்றார். மருத்துவர் அரிதாகவும் வீடுகள் தொலைவாகவும் இருந்த அப்பகுதிகளில் 1913 முதல் அரசின் பொருளுதவியோடு செவிலியர் பணி நடந்து வந்தது. ஊர்கள் சிதறிக் கிடந்தால் செவிலியரும் சிதறித்தான் வாழ வேண்டும். நடுவே ஒரு மருத்துவமனை, சுற்றிலும் கிளை நிலையங்கள். இந்த அமைப்பைத்தான் அவர் கென்டக்கிக்குக் கொண்டுவந்தார்.

1925-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் கென்டக்கியின் தலைநகரான பிராங்க்ஃபர்ட்டில் குழு அமைந்தது. 1928-இல் அதற்கு எல்லைப்புறச் செவிலியர் பணி எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். தொடக்க ஆண்டுகளின் செலவுக்கு அம்மையாரின் சொந்தப் பணம் பெரிதும் கைகொடுத்தது. லெஸ்லி மாவட்டத்து ஹைடன் ஊருக்கு அருகே, ஆற்றங்கரையில், மரக்கட்டைகளால் எழுந்த வெண்டோவர் இல்லமே தலைமையிடம். ஹைடனில் எழுந்த சிறு மருத்துவமனையை 1928-இல் திறந்துவைக்க ஸ்காட்லாந்திலிருந்து சர் லெஸ்லி மெக்கன்சி வந்தார்.

இப்பணி நடந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிளை நிலையத்திலும் செவிலியர் தங்கி, சுற்றிலும் ஐந்தாறு மைல் வட்டத்தைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார்கள். குதிரைச் சேணத்தின் இருபுறமும் தோல் பைகள். அவற்றில் கொதிக்க வைத்த கருவிகள், கையுறை, துணி, குழந்தையை நிறுக்கும் தராசு, கண்ணுக்கு இடும் மருந்து. வலி கண்டபின் ஓடிவருவது மட்டும் அவர்கள் வேலையன்று. கருவுற்ற செய்தி தெரிந்த நாள் முதல் வீடு சென்று பார்ப்பார்கள். சிக்கல் வரும் அறிகுறி தெரிந்தால் முன்கூட்டியே மருத்துவமனைக்கு அழைத்துவருவார்கள். பேற்றுக்குப்பின் பத்து நாள் தாயையும் சேயையும் கவனிப்பார்கள். மருத்துவர் இல்லாதபோது எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதற்கு லெக்சிங்டன் நகர மருத்துவர்கள் எழுதித் தந்த விதிமுறை கையில் இருந்தது. பேற்றுக்குக் கட்டணம் 5 டாலர். பணம் இல்லையா? முட்டை கொடுக்கலாம், குதிரைக்குத் தீவனம் கொடுக்கலாம், வேலி கட்டித் தரலாம். இலவசம் என்று வைக்காமல் இப்படி வைத்ததில், மலைமக்களின் தன்மானத்தை அம்மையார் நன்கு அறிந்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1931-இல் குதிரை மிரண்டு ஓடியதில் கீழே விழுந்து அவர் முதுகெலும்பு முறிந்தது. அதன்பின் முதுகுக்குத் தாங்கி கட்டிக்கொண்டே வாழ்ந்தார். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலமும் அதுதான். நன்கொடை சுருங்கியது, ஊழியரின் சம்பளம் வெட்டுப்பட்டது, பணி நிற்கவில்லை.

1932-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயி டப்ளின் இப்பணியின் முதல் 1,000 பேறுகளை ஆராய்ந்தார். பேற்றுக் கோளாறால் இறந்த தாய் ஒருத்திகூட இல்லை. இறந்த இருவரும் வேறு நோய்களால் இறந்தவர்கள். அதே காலத்தில் அமெரிக்க நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1,000 பேறுகளுக்கு ஆறேழு தாய்மார் மடிந்து கொண்டிருந்தார்கள். மருத்துவமும் செல்வமும் நிறைந்த நகரங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு என்பதை மறக்கலாகாது. பாதையில்லாத மலையில், விளக்கொளியில், மரவீட்டில் நடந்த பேறுகள் அவற்றை வென்றன.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தந்து உயர்த்தலாம் என்று அம்மையார் எண்ணவில்லை, அவர்களை ஒதுக்கிவிட்டார். தலைமுறை தலைமுறையாக வந்த அவர்களுடைய அனுபவம் அப்படியே வீணாயிற்று. தென்னாட்டு உயர்குடியின் நிறப் பெருமையும் அவரை விட்டு நீங்கவில்லை. நன்கொடை கேட்கும்போது மலைமக்களைத் தூய பழைய ஆங்கில வழியினர் என்று சொல்லியே கேட்பார். கறுப்பின மக்களிடையே பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை உருவாக்கும் பள்ளி 1941-இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் தனியே எழுந்தது, 1946-இல் மூடவும்பட்டது. வெண்டோவர் இல்லத்துக்குக் கிடைத்த புகழும் புரவலரும் அதற்கு வாய்க்கவில்லை.

இரண்டாம் உலகப்போர் மூண்டதும் ஆங்கிலேயச் செவிலியர் பலர் தாய்நாடு திரும்பினார்கள். ஆளில்லாமல் பணி முடங்கும் நிலை. கடல் கடந்து ஆள் தேடிய காலம் போதும் என்று 1939 நவம்பரில் ஹைடனிலேயே மருத்துவச்சிப் பள்ளியை அம்மையார் தொடங்கினார். நெருக்கடி பெற்ற பிள்ளை அப்பள்ளி. காலப்போக்கில் குதிரைகள் போய் ஜீப்புகள் வந்தன. 1952-இல் அம்மையார் தம் வரலாற்றை நூலாக எழுதினார். 1965-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், எண்பத்து நான்கு வயதில், வெண்டோவர் இல்லத்திலேயே காலமானார்.

1975-இல் ஹைடனில் திறந்த புதிய மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியது. 1998-இல் அமெரிக்க அரசு அவர் உருவத்தை அஞ்சல் தலையில் பொறித்தது. அன்று ஆளில்லாக் குறைக்காகத் தொடங்கிய பள்ளி இன்று பல்கலைக்கழகம். மலையை விட்டு வெளியேறி அதே மாநிலத்தின் வேறோர் ஊரில் இயங்குகிறது. அங்கே இன்றும் மருத்துவச்சிகள் பயில்கிறார்கள்.