மீன் படகில் ஆரம்பித்த பட்டறை

நம்ம அப்பா அம்மா தலைமுறையைக் கேட்டால் சொல்வார்கள். தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் அரசாங்கத்தின் செய்திப்படம் ஒன்று ஓடுமாம். அணைக்கட்டு, நாற்று நடவு, தடுப்பூசி என்று வருமாம். அது ஓடுகிற நேரத்தில்தான் பாதி ஜனம் முறுக்கு வாங்க வெளியே போகுமாம். ஜனங்களைப் படம் பிடித்து ஜனங்களுக்கே காட்டுவதை, அரசாங்கம் காசு கொடுக்கிற ஒரு தொழிலாக ஆக்கியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஜான் கிரியர்சன். டாக்குமெண்டரியின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். ஆனால் அவரே இயக்கிப் பெயர் வாங்கிய படம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்! மற்றதெல்லாம் அவர் உருவாக்கிய ஆட்கள் எடுத்தது.

1898-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். அப்பா தலைமையாசிரியர். முதல் உலகப்போரில் கடற்படை வேலை, பிறகு கிளாஸ்கோவில் பட்டப்படிப்பு. 1924-ல் ராக்ஃபெல்லர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்கா போனார். போனது சினிமா படிக்க இல்லை. பத்திரிகையும் சினிமாவும் சாதாரண ஜனங்களின் மனசை எப்படி மாற்றுகின்றன என்று ஆராயப் போனார். அங்கேதான் ராபர்ட் ஃபிளாஹெர்டி பழக்கமானார். எஸ்கிமோ மக்களைப் பற்றி ‘நானூக்’ (1922) எடுத்தாரே, அவரேதான். அந்தப் படத்துக்குப் பணம் போட்டது ஒரு தோல் வியாபாரக் கம்பெனி. 1926-ல் ஃபிளாஹெர்டியின் ‘மோவானா’ படத்துக்கு நியூயார்க் பத்திரிகை ஒன்றில் விமர்சனம் எழுதும்போது கிரியர்சன் டாக்குமெண்டரி என்ற சொல்லைப் போட்டார். அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ரஷ்யாவின் ‘பொடெம்கின்’ படத்தை அமெரிக்காவில் வெளியிடத் தயார் செய்தபோதும் கூட இருந்து உதவினார். ஒரு நல்ல இஞ்சினைக் கழற்றிப் பார்த்தால் எப்படியோ, அப்படி எடிட்டிங் கத்துக்கிட்டார்.

1927-ல் இங்கிலாந்து திரும்பினார். எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு என்ற அரசாங்க அமைப்பில் ஸ்டீபன் டாலண்ட்ஸ் என்ற அதிகாரி இவரைச் சேர்த்துக்கொண்டார். படம் எடுக்க வேண்டும், ஆனால் கஜானா கதவு திறக்க வேண்டுமே! நிதித்துறையில் இருந்த ஆர்தர் சாமுவேல் என்பவர் ஹெர்ரிங் மீனைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். ஹெர்ரிங் என்பது நம்ம மத்திக்குச் சொந்தக்கார மீன். சரி, ஹெர்ரிங் பிடிப்பதையே படமாக எடுக்கிறோம் என்று கேட்டார்கள். பணம் வந்துவிட்டது! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் எதைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதும் தொழிலில் ஒரு பாடம்தானே.

அந்தப் படம்தான் ‘ட்ரிஃப்டர்ஸ்’. 1929 நவம்பர் 10-ந் தேதி லண்டன் ஃபிலிம் சொசைட்டியில், அதே ‘பொடெம்கின்’ படத்தோடு சேர்த்துத் திரையிட்டார்கள். வலை இழுக்கிற தொழிலாளியின் கையும் முதுகும் திரை முழுக்க வந்ததை லண்டன்காரர்கள் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. வேறு ஆளாக இருந்தால் அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று போயிருப்பார். இவர் இளைஞர்களைச் சேர்த்துப் பட்டறை வைத்தார். பேசில் ரைட், ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி, ஸ்டூவர்ட் லெக், ஹாரி வாட் எல்லோரும் அங்கே வந்தவர்கள். பல பேருக்கு சினிமா அனுபவமே கிடையாது. சம்பளம் ரொம்பக் குறைவு. வேலையைச் செய்துதான் வேலை படித்தார்கள். எடுத்த ஃபிலிமைக் கூட்டமாக உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள். கிரியர்சன் தாட்சண்யம் இல்லாமல் கிழிப்பார். சாயங்காலம் மதுக்கடையிலும் அதே வாக்குவாதம்தான்!

1931-ல் ஃபிளாஹெர்டியையே வரவழைத்து, தொழில்களைப் பற்றி ஒரு படம் எடுக்கச் சொன்னார். மனுஷன் ஃபிலிமைத் தண்ணியாகச் செலவு பண்ணினார். பாதியில் நிறுத்தி, மிச்சத்தை மற்றவர்கள் முடிக்க வேண்டியதாயிற்று. கணக்குப்படி பார்த்தால் நஷ்டம். ஆனால் குயவரின் கை அடுத்து எந்தப் பக்கம் நகரும் என்று முன்கூட்டியே தெரிந்ததுபோல ஃபிளாஹெர்டியின் கேமரா நகர்ந்ததை இளைஞர்கள் பார்த்துவிட்டார்கள். எங்க ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபைல் பிடிக்கக் கத்துக்கிட்டது ஒரு சீனியர் அண்ணன் கையைப் பார்த்துத்தான். புத்தகத்தில் அந்தப் பக்கம் இருக்கு, ஆனா கை இல்லையே!

1933-ல் அந்த போர்டை மூடிவிட்டார்கள். பட்டறை அப்படியே தபால் இலாகாவுக்கு மாறியது. ஒலி வந்தபோது, பிரான்சில் படம் எடுத்துக்கொண்டிருந்த பிரேசில்காரர் கவல்காண்டி 1934-ல் வந்து சேர்ந்தார். ஒலியை எப்படிக் கையாள்வது என்பது அவரிடம் வந்த பாடம். ‘நைட் மெயில்’ (1936) படத்தில் ஓடுகிற ரயிலில் கடிதம் பிரிக்கிறவர்கள் நிஜத் தபால் ஊழியர்கள். ஆனால் அந்தப் பெட்டி ஸ்டூடியோவில் போட்ட செட். ரயில் ஆடுவதுபோல அவர்களே உடம்பை ஆட்டி நடித்தார்கள். அதை ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை. தினமும் செய்கிற வேலையைத்தானே செய்து காட்டினார்கள்? அந்தப் படத்தின் பெருமை வாட்டுக்கா ரைட்டுக்கா என்பதில் மனஸ்தாபம் உண்டு. கூட்டாகக் கற்கிற இடத்தில் இது வராமல் இருக்காது.

1935-ல் எல்டனும் ஆன்ஸ்டியும் லண்டன் சேரி வீடுகளைப் படமாக்கினார்கள். குடியிருந்தவர்களே கேமராவைப் பார்த்து எலியையும் மூட்டைப்பூச்சியையும் பற்றிப் பேசினார்கள். அவர்களைக் கூச்சமில்லாமல் பேச வைத்ததில் கிரியர்சனின் தங்கை ரூபிக்குப் பெரிய பங்கு உண்டு. ரூபி 1940-ல் ஒரு படவேலைக்காகக் கப்பலில் போகும்போது டார்பிடோ தாக்கி இறந்துபோனார். சேரிப் படத்துக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? கேஸ் கம்பெனிகளின் சங்கம். புது வீடு கட்டினால் கேஸ் அடுப்பு விற்குமே! கேட்பவன் ஜனங்களின் கஷ்டத்தைக் கேட்கட்டும், கொடுப்பவன் அவன் லாபத்தைப் பார்க்கட்டும் என்பதுதான் கிரியர்சன் கண்ட வழி.

1939-ல் கனடா போய் அங்கே தேசியத் திரைப்பட வாரியத்தின் முதல் கமிஷனர் ஆனார். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 800 பேர் வேலை செய்கிற இடமாக அது வளர்ந்தது. பிறகு ஒரு உளவு வழக்கில் சந்தேகம் கிளம்பி விசாரித்தார்கள். குற்றம் எதுவும் சாட்டவில்லை. ஆனாலும் 1947-ல் அமெரிக்க விசா போய்விட்டது. அப்புறம் யுனெஸ்கோ, தொலைக்காட்சி, கடைசியில் மான்ட்ரியலில் மாணவர்களுக்குப் பாடம். 1972 பிப்ரவரியில் இங்கிலாந்தில் காலமானார்.

ஒரு படம் மிச்சமிருக்கிறது. அது நமக்கு நெருக்கமானது, அதைச் சொல்லாமல் விட மனசு வரலை. 1934-ல் பேசில் ரைட் எடுத்த ‘சாங் ஆஃப் சிலோன்’. கிரியர்சன் தயாரிப்பு, பணம் சிலோன் தேயிலைப் பிரசார வாரியத்துடையது. பிழைப்புக்காக நம்ம பக்கத்திலிருந்து போய்க் குடியேறியவர்களின் உழைப்பில் வளர்ந்த தோட்டங்கள் அவை. படம் ரொம்ப அழகு. தேயிலை பறிக்கிற கைகளைக் காட்டும்போது பின்னால் லண்டன் மார்க்கெட் விலையும், கப்பல் விவரமும், வியாபாரக் கடிதங்களும் குரல்களாக ஓடும். 1930-களில் ஒலியை அப்படி யோசித்ததை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. நான் இரண்டு தரம் பார்த்தேன். இரண்டாவது தரம் பார்த்ததே ஒரு விலையைத் தேடித்தான். தேயிலை விலை வருகிறது. அதைப் பறித்த பொம்பளைங்களுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு என்பது கடைசி வரைக்கும் வரவே இல்லை.