வேதச் சட்டமும் நல்லூர் நாவலரும்

நூற்றாண்டு காணும் எமது கல்லூரியின் மலரிலே, கிறிஸ்தவருக்குரிய ஒரு விடயத்தைப் பேச வந்து சைவப் பெரியார் ஒருவரின் வரலாற்றைச் சொல்வது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். தீவுப்பகுதியில் வளர்ந்த எமக்கு அது புதுமையன்று. ஊர்காவற்றுறைத் தேவாலயத் திருநாளையும் நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவையும் அயலவராகக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். மோசே வழி வந்த சட்டங்களில் எவை இன்றும் கிறிஸ்தவரைக் கட்டும் என்ற கேள்வியை எம் மண்ணில் மிகக் கூர்மையாகக் கேட்டவர் ஆறுமுக நாவலர்.

அவர் 1822 டிசம்பர் 18 இல் நல்லூரில், கந்தப்பிள்ளைக்கும் சிவகாமிக்கும் மகனாகப் பிறந்தார். இளவயதிலேயே தந்தையை இழந்தார். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் நடத்திய பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரிடம் கற்று, அங்கேயே ஆசிரியரானார். பாதிரியாரின் வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்குப் பல ஆண்டுகள் துணைநின்றார். சைவ ஆசாரத்தை விடாமலே அந்த நூலைச் சொல் சொல்லாகப் படித்தவர் அவர்.

1847 இன் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டு அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மிஷன் வேலையை விட்டு விலகினார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்ற பட்டத்தை அளித்தது. பின் அச்சியந்திரம் வாங்கி நூல்களைப் பதிப்பிக்கத் தொடங்கினார்.

1854 இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தில்தான் அவருடைய கேள்வி வெளிப்பட்டது. விளக்கு, தூபம், திருமுழுக்கு, நைவேத்தியம், தீட்டுக் கழித்தல் ஆகியவற்றை மிஷனரிமார் அஞ்ஞானம் என்று இகழ்ந்தனர். நாவலரோ அவர்களுடைய நூலையே எடுத்துக் காட்டினார். யாத்திராகமத்திலும் லேவியராகமத்திலும் இறைவன் தாமே கட்டளையிட்ட வழிபாட்டில் விளக்கும் தூபமும் அபிஷேகத் தைலமும் படைக்கும் அப்பமும் சுத்திகரிப்பும் உண்டு. தமிழ் வேதாகமம் அந்த விளக்கைக் குத்துவிளக்கு என்றே அழைக்கிறது. அங்கே தேவகட்டளையாக இருப்பது இங்கே எப்படிப் பாவமாகும் என்பதே அவர் வாதம்.

கிறிஸ்தவரிடம் இதற்கு விடை இல்லாமலில்லை. பத்துக் கட்டளை போன்ற ஒழுக்கச் சட்டம் நிலைக்கும். பலியும் தீட்டும் பற்றிய சடங்குச் சட்டம் கிறிஸ்துவில் நிறைவேறிவிட்டது என்று சபைகள் நெடுங்காலமாகப் போதித்துள்ளன. புறஜாதியார் விருத்தசேதனம் செய்ய வேண்டியதில்லை என்று எருசலேமில் அப்போஸ்தலர் தீர்த்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 15 ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆனால் இரத்தத்தை உண்ணாதிருக்கச் சொன்னதும் அதே தீர்மானந்தான். கிடாய் அடித்த வீட்டில் இரத்தவறை உண்ணும்போது அதை நினைப்பவர் எத்தனை பேர்? எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று தெரிவதற்கு அளவுகோல் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

வைத்தியத் தொழிலில் இருக்கும் எமக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. பிள்ளைப்பேற்றுக்குப் பின் முப்பத்தொன்று கழியும்வரை துடக்கு என்பது எங்கள் வீடுகளின் வழக்கம். லேவியராகமம் 12 ஆம் அதிகாரம் ஆண்பிள்ளை பெற்றவளுக்கு 40 நாளும், பெண்பிள்ளை பெற்றவளுக்கு 80 நாளும் விதிக்கிறது. பெண்பிள்ளைக்கு ஏன் இரு மடங்கு என்று வாசிக்கும் தாய் கேட்கத்தானே செய்வாள்? திருவிழா நெருங்கும்போது மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டு வரும் பெண்களையும் நாம் காண்கிறோம். பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்குடன் வந்து தம் ஆடையைத் தொட்டவளை இயேசு கடிந்துகொள்ளவில்லை. மகளே என்று அழைத்து அனுப்பினார். கிறிஸ்தவ இல்லங்களில் துடக்கை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எமக்குத் தெரியவில்லை.

நாவலர் இம்முடிவை ஏற்றிருக்கமாட்டார். ஆசாரத்தைக் காப்பதே அவர் நோக்கம். கோயில்களில் உயிர்ப்பலியைக் கண்டித்த அவர் சாதி ஆசாரத்தைக் கைவிடவில்லை. அந்தக் குறையை மறைத்து அவரைப் போற்றுவது நேர்மையன்று. திருமணம் செய்யாமல், கல்விக்கும் சமயத்துக்குமாக உழைத்து, 1877 பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்க முன்னின்று, 1879 டிசம்பர் 5 இல் அவர் மறைந்தார்.

அவர் முடிவுகளை ஏற்காதவருக்கும் அவர் முறை உதவும். அயலவரின் வேதத்தை அவர் முழுதாகப் படித்த பின்னரே வாதிட வந்தார். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் சகோதரிகளே, இது வேதச் சட்டம் என்று சொல்லி உங்கள் மகளை எவரேனும் தள்ளிவைத்தால், அந்த அதிகாரத்தைத் திறந்து அவளோடு இருந்து வாசியுங்கள். அதே அதிகாரத்தில் அவர்கள் கைவிட்ட விதிகள் எவை என்றும் கேளுங்கள்.